முயல்காரர் வீட்டு மேபல்

— கோட்டைக் கழட்ட மாட்டேன்னா போ, கழட்டாத. கதவையாவது சாத்து டோரீன். வாடைக்காத்து நேரா அது மேல அடிக்குது.

— எது மேல?

— அதான், அந்தச் சனியன் மேல. அடுப்புப் பக்கத்துல என் பழைய ஸ்வெட்டர் தொங்குது பாரு. அதுக்குள்ளதான் கெடக்கு.

— அட மனுசா! தொட்டில் கட்டியிருக்கியா? வில்ஃப், நீயா கட்டுன?

— தொட்டிலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தரையில விட்டா வெடவெடன்னு நடுங்குது. அதைப் பாத்துக்கிட்டே எனக்கு ரேடியோ கேக்க முடியல. அதுக்காகக் கட்டுனது.

— ஆமாமா, ரேடியோவுக்காக. ஓரமெல்லாம் மடிச்சுத் தச்சிருக்கியே, அதுவும் ரேடியோவுக்குத்தானா?

— நூல் பிரிஞ்சா நகம் மாட்டிக்குது. சும்மா நின்னுக்கிட்டு நையாண்டி பண்ணாத, உக்காரு. டீ போடறேன்.

— டீயெல்லாம் வேணாம். நேரம் இல்ல. இந்தா, கூண்டு கொண்டாந்திருக்கேன். இதுல போட்டு எடுத்துக்கிட்டு ஒடனே கெளம்பணும்.

— ஒரு வாய் டீ குடிக்க என்ன கேடு உனக்கு? இந்த வீட்டுக்கு யாராவது வந்தே மாசக்கணக்காச்சு. ஊர் கிளப்புல கூட நான் போயி உக்காந்தா பக்கத்து நாற்காலி காலியாகுது. நாத்தமாம்.

— நாறத்தானே செய்யும். கீரியாட்டம் ஒரு ஃபெரெட்டை வீட்டுல வளக்குறவன் பன்னீர் தெளிச்சுக்கிட்டா போவான்? இருபது வருசமா இதுகளை வளத்து எனக்கு மூக்கே செத்துப் போச்சு... இரு... கொஞ்சம் இரு...

— இன்னும் அந்த இருமல் போகலையா? இந்தா, தண்ணி. மெள்ள. மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்க. மனுசக் காய்ச்சல் இதுகளுக்கு ஒட்டும்னு நீதானே சொன்ன.

— ஒட்டுற காய்ச்சல் எப்பவோ போயிடுச்சு. இருமல் மட்டும் வாடகைக்கு இருக்கு, காலி பண்ண மாட்டேங்குது. பயப்படாத, இது யாருக்கும் ஒட்டாது.

— எளைச்சுப் போயிருக்க டோரீன்.

— நீ மட்டும் என்ன, ஆளே மாறிப் போயிருக்க. அன்னைக்கு போன் பண்ணிக் கத்துனியே, ஞாபகம் இருக்கா? 'கொலைகாரி ஒருத்தி என் முயல் கொட்டகையில பூந்துட்டா, ஒடனே வந்து பிடிச்சுக்கிட்டுப் போ'ன்னு.

— பின்ன? முப்பது வருசமா முயல் வளக்கறவன் நான். காலையில வைக்கோல் பெட்டியைத் தெறக்கறேன், உள்ள இது சுருண்டு கெடக்கு. முயல் வளைக்குள்ள பூந்து முயலை வெரட்டறதுக்குன்னே பழக்கற ஜாதி! என் முயலுங்க எல்லாம் மூலையில ஒண்டிக்கிட்டுக் காலால தரையை அடிக்குது. நான் மண்வெட்டியை ஓங்கிட்டேன்.

— அப்பறம் ஏன் போடல?

— தலையைத் தூக்கிச்சு. ரெண்டு கண்ணுலயும் பால் விட்ட மாதிரி வெள்ளை. வால்ல ஒரு முடி இல்ல, எலி வாலாட்டம். பல்லு பாதி இல்ல. எதிர்ல கொழுகொழுன்னு அத்தனை முயலு, இது பாட்டுக்குக் கொட்டாவி விட்டுட்டு மறுபடி படுத்துக்கிச்சு. அதை எங்க அடிக்கறது, சொல்லு.

— எவனோ வேட்டைக்காரன் ஒழைக்கற வரைக்கும் ஒழைக்க வச்சுட்டு, கண்ணு போனதும் வழியில எறக்கி விட்டுட்டான். வருசா வருசம் எனக்கு இப்படித்தானே வந்து சேருதுங்க.

— உன்கிட்ட தள்ளி விட்டுடலாம்னு பாத்தா நீ காய்ச்சல்ல படுத்துட்ட. 'கொஞ்ச நாள் வச்சுக்க வில்ஃப், நான் எழுந்ததும் வரேன்'ன. இந்தக் கொஞ்ச நாள்ல அது என்னைப் படுத்துன பாடு இருக்கே, மொத ராத்திரியே செத்துப் போச்சு.

— செத்துப் போச்சா?

— அப்படித்தான் நெனச்சேன். கூப்புட்டேன், குலுக்கினேன், கால் பிடிச்சுத் தூக்கினேன். காலுறைக்குள்ள ஈர மண்ணை அடைச்ச மாதிரி தொங்குது. பாவம்னு தோட்டத்துல போயி, உறைஞ்சு கெடந்த மண்ணுல, இடுப்பு ஒடியக் குழி தோண்டி, பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டுப் போறேன்... பேப்பருக்குள்ள இருந்து தும்முது.

— அய்யோ வில்ஃப்! அதுங்க தூக்கம் அப்படித்தான்னு நான் சொல்லலையா? வயசாக ஆக இன்னும் மோசம். கும்பகர்ணன் தோத்தான்.

— நீ சிரி. நான் அந்தக் குழிப் பக்கத்துலயே உக்காந்துட்டேன். குழியை வீணாக்க வேணாம்னு மறுநாள் அதுல ஒரு ரோஜாச் செடி வச்சேன்.

— சிரிக்க வைக்காதய்யா, நெஞ்சு வலிக்குது. சரி, மருந்தெல்லாம் ஏறுதா? மிருக டாக்டரம்மா என்ன சொன்னா?

— கணையத்துல கட்டியாம். அதனாலதான் ரத்தத்துல சக்கரை சட்டுன்னு எறங்கிப் போகுதாம். அறுத்துப் பாக்கலாம், ஆனா இந்த வயசுல மேசை மேலயே போனாலும் போயிடும்னா. அறுக்காட்டி மருந்துல ஓட்டலாம், கோடை வரைக்கும். ஒடம்பு ஒத்துழைச்சா எலை உதிர்ற வரைக்கும்.

— நீ என்ன சொன்ன?

— மருந்தே போதும்னேன். வயசான பொம்பளையை மல்லாக்கப் போட்டு வயித்தைக் கிழிக்கவா? மேபலுக்கு அதெல்லாம் சரிப்படாது.

— யாருக்கு?

— என்ன யாருக்கு?

— மேபலுங்கற. பேரு வச்சிருக்கியா?

— பேரெல்லாம் இல்ல. எங்க பெரியத்தை பேரு அது, வாய் தவறி வந்துடுச்சு. அவளுக்கும் கடைசிக் காலத்துல தலையில முடி கெடையாது, கண்ணு கெடையாது. ஆனா வீட்டுல ஒரு ஸ்பூன் எடம் மாறினா கண்டுபிடிச்சுடுவா. இதுவும் அப்படித்தான். நேத்து என் பல்செட்டைக் கொண்டுபோயி சோபாவுக்கு அடியில வச்சுட்டு... டோரீன், தள்ளு.

— என்ன ஆச்சு? அட, வாயை முன்னங்காலால பறண்டுதே. வில்ஃப், எச்சி வடியுது!

— பாத்துட்டேன். ஜன்னல் ஓரமா தேன் பாட்டில் இருக்கு, எடு. கத்தாத, சத்தம் ஆகாது அவளுக்கு.

— இந்தா. பின்னங்கால் ரெண்டும் வெறைச்சுக்கிச்சு பாரு.

— அது இழுக்கும், கொஞ்ச நேரத்துல விட்டுடும். நீ இடுப்பை மட்டும் தாங்கிக்க, அமுக்காத. மேபலு... இந்தா கண்ணு. நக்க வேணாம், முழுங்க வேணாம், நான் ஈறுல தடவறேன், நீ சும்மா இரு. அவ்வளவுதான். எங்கயும் போகல நீ. அடுப்படியிலதான் இருக்க. என் சட்டைதான் இது. மோந்து பாரு.

— கண்ணை உருட்டுது...

— வரா, வரா. கால் தளருது பாரு. ஹா... வந்துட்டா. மகாராணி வந்துட்டா. இப்ப அந்தக் கிண்ணத்தை நவுத்து. தேனோட விட்டா சக்கரை மறுபடி தடால்னு எறங்கிடும், பின்னாலயே கறி போகணும்.

— கோழியா?

— கோழியும் ஈரலும். வேக வச்சு, அரைச்சு, கஞ்சி மாதிரி. ஸ்பூன்ல குடுத்தா மொகத்தைத் திருப்பிக்கிறா. விரல்ல எடுத்தாத்தான் எறங்கும். பாரு, பாரு, எப்படி நக்கறா. மெதுவா தாயே, விரலையும் சேத்துத் திங்காத.

— நான்கூட இவ்வளவு லாவகமா ஊட்டுனது இல்ல வில்ஃப்.

— மொத தடவை லாவகமெல்லாம் இல்ல. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு நீ சொல்லச் சொல்லப் பண்ணேன். நீ இருமிக்கிட்டே சொன்ன. அன்னைக்குப் பாதி தேன் என் தலையிலதான்.

— நல்லாப் பாத்துக்கிட்ட. சரி... வயிறு நெறைஞ்சு தூங்கப் போகுது, இதுதான் சமயம். கூண்டுல எடுத்துப் போடு.

— இப்பதான் விழுந்து எழுந்திருக்கா. இப்பவே என்ன அவசரம்?

— சொன்னேனே, நேரம் இல்லன்னு.

— எங்க கொண்டு போற? உன் வீட்டுக்கா?

— இல்ல. விட்பியில ஒரு புருசன் பொண்டாட்டி இருக்காங்க. நல்ல எடம். பாத்துக்குவாங்க.

— ராத்திரி எழுந்து ஊட்டுவாங்களா?

— ஊட்டுவாங்க.

— கோழிக்கறியை வெறுமனே அரைச்சா தொண்டையில நிக்கும், வெந்நீர் விட்டு எளக்கணும்னு அவங்களுக்குத் தெரியுமா?

— எல்லாம் தெரியும் வில்ஃப். எடு.

— கடலோரம். காத்து ஜாஸ்தி அங்க.

— உனக்கு முயல் இருக்குய்யா! இதோட வாசனை உன் கையில இருக்கற வரைக்கும் அதுங்க நிம்மதியாத் திங்குமா? வசந்தகால முயல் கண்காட்சி வேற வருது. வருசா வருசம் கோப்பை வாங்கற ஆளு நீ. இரு, கெளம்பறதுக்கு முன்னால உன் ராஜாக்களை ஒரு தடவை பாத்துட்டு வரேன்.

— வேணாம், பின்பக்கம் சேறு.

— பூட்ஸ்தானே போட்டிருக்கேன். அட, என்னது இது, கொட்டகைக் கதவு பப்பரப்பான்னு தெறந்து கெடக்கு! ஜன்னல்ல இருந்தே தெரியுது. நரி பூந்தா என்ன ஆகும்?

— நரி பூந்தா ஏமாந்துட்டுப் போகும். உள்ள ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லன்னா?

— குடுத்துட்டேன். மால்டன்ல ஷீலான்னு ஒருத்தி இருக்கா இல்ல, கண்காட்சிக்குக் கண்காட்சி என்கிட்ட தோத்து மூக்கைச் சிந்துவாளே, அவகிட்ட. ஏத்தி விட்டபோது சந்தோசத்துல என்னைக் கட்டிப் பிடிச்சா. பிடிச்சுட்டு, 'என்ன வில்ஃப் நாறுற'ன்னா.

— எல்லாத்தையுமா? முப்பது வருசமா வளத்ததை?

— கையைக் கழுவிட்டுப் போனேன். கோட்டை மாத்திட்டுப் போனேன். தனியா ஒரு செருப்பு வச்சேன். என்ன பண்ணாலும் என்னைக் கண்டா மூலையில போயி ஒட்டிக்குதுங்க. பாவம், அதுங்க பேர்ல தப்பு இல்ல. எமனோட வாசனை அது அதுங்களுக்கு. அதுங்களையும் வச்சுக்கிட்டு இவளையும் வச்சுக்க முடியாதுன்னு ஆச்சு. ஒரு வாரம் யோசிச்சேன்.

— யோசிச்சு, பரிசு வாங்குற முயலை அனுப்பிட்டு இந்த மொட்டை வாலை வச்சுக்கிட்டியா?

— ஒண்ணு சொல்றேன், கிளப்புல போயி சொல்லாத. முயலுங்க அழகு, நான் இல்லங்கல. ஆனா இத்தனை வருசத்துல ஒண்ணாவது என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தது கெடையாது. தீனியைத்தான் பாக்கும். இவளுக்குக் கண்ணே தெரியாது. நான் கடைக்குப் போயிட்டு வந்து வாசல்ல பூட்ஸைத் தட்டினா போதும், அந்த ஸ்வெட்டர் கையில இருந்து தலை வெளிய வரும். தொண்டைக்குள்ள ஒரு சத்தம் வரும், கோழி அடைகாக்கறப்ப கொடகொடங்குமே, அது மாதிரி. பின்னங்கால் வராட்டியும் முன்னங்காலால ரெண்டு குதி குதிக்கப் பாப்பா. எனக்காக யாரும் குதிச்சது இல்ல டோரீன்.

— அப்ப ஏன்யா என்னை எடுத்துக்கிட்டுப் போகச் சொன்ன?

— நான் எங்க சொன்னேன்? நகம் நீளமா இருக்கே, எங்க வரைக்கும் வெட்டலாம்னு கேக்கத்தான் போன் பண்ணேன். 'டோரீன், இந்த ஃபெரெட்டை'ன்னு வாயெடுத்தேன். 'சரி சரி, புதன்கெழமை வந்து எடுத்துக்கறேன்'னு டப்புன்னு வச்சுட்ட.

— நகம் வெட்டவா!

— ஆமா, நகம் வெட்ட. மறுபடி கூப்புட்டுச் சொல்லலாம்னுதான் பாத்தேன். என்னன்னு சொல்றது? அறுபத்தெட்டு வயசுல, எனக்கு இது வேணும் எனக்கு இது வேணும்னு சின்னப் பயலாட்டமா?

— ஆண்டவா, நல்ல காலம். இதாவது தப்பிச்சுச்சு.

— இதாவதா?

— அது... ஒண்ணுமில்ல. பேச்சு வாக்குல சொன்னேன்.

— இந்தா, டோரீன். விட்பியில இருக்கற அந்தப் புருசன் பொண்டாட்டி பேரு என்ன?

— பேரா... என்னமோ...

— உனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்துலயே வராது. மைக்கூடை ஒடைச்சுட்டு வாத்தியார் கேக்கறதுக்கு முன்னாலயே அழுதவ நீ. விட்பியில யாரு இருக்கா?

— யாரும் இல்ல வில்ஃப். விட்பியில யாரும் இல்ல.

— உக்காரு. கோட்டைக் கழட்டு. இப்பவாவது கழட்டு.

— காய்ச்சலோட போகல எனக்கு. நுரையீரல்ல போயி உக்காந்துக்கிச்சு. இத்தனை வருசமா அந்த முடியும் வைக்கோல் தூசியும் உள்ள போயி, ஏற்கெனவே பாதி கெட்டுத்தான் கெடந்துச்சாம். இனிமே ஃபெரெட்டுக் கொட்டடிக்குள்ள கால் வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வச்சா ஆக்சிஜன் குழாயோடதான் நடக்கணுமாம்.

— அப்ப அதுங்க?

— எளசுங்களை எல்லாம் அனுப்பிட்டேன். ஓடற, ஆடற, அழகா இருக்கறதுக்கெல்லாம் ஆள் கெடைச்சுது. கெழடுங்கதான் மிச்சம். நாலு. பெர்சிக்குக் காது கேக்காது, தூக்கத்துல தொட்டா கடிச்சுடும். டாலிக்கு நெஞ்சு வீங்கிப் போயி தண்ணி கோத்துக்குது. மத்த ரெண்டும் அக்கா தங்கச்சி, ஒண்ணை விட்டு ஒண்ணு சாப்பிடாது, ரெண்டுக்கும் மூத்திரம் நிக்காது. யாரு எடுப்பா? நியூகாசில் வரைக்கும் போன் பண்ணிட்டேன். எல்லா எடமும் நெறைஞ்சு வழியுது.

— என்கிட்ட கேட்டியா?

— உன்கிட்ட எப்படிக் கேப்பேன்? நீ முயல்காரன். ஒண்ணையே நான் எப்படா தூக்கிக்கிட்டுப் போவேன்னு நீ இருக்கன்னு நெனச்சேன்.

— அப்ப என்னதான் முடிவு பண்ணுன?

— டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். ஒரு ஊசிதான். தூங்கற மாதிரி போயிடும். கை மாறிக் கை மாறி, யாரோ ஒருத்தர் வீட்டுக் கூண்டுல பயந்து சாகறதைவிட, என் மடியிலயே போகட்டும்னு... அப்படிப் பாக்காத வில்ஃப். நான் ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?

— மேபலையும் சேத்தா?

— நீ வேணாங்கறன்னு நெனச்சேன். ஆமா. இதையும் சேத்துத்தான்.

— அந்தக் கூண்டை எடுத்து வாசலுக்கு வெளிய வை.

— வில்ஃப்...

— வச்சுட்டு வா. அதை என் அடுப்படியில பாக்க எனக்குப் பிடிக்கல.

— வச்சுட்டேன். திட்டணும்னா திட்டிடு.

— திட்டறதுக்கு என்ன இருக்கு. இருபது வருசமா ஊரு தூக்கிப் போட்டதையெல்லாம் மடியில போட்டுக்கிட்டவ நீ. நெஞ்சு ஒடைஞ்சு முடிவெடுத்திருப்ப. யோசிக்கறேன், பேசாம இரு. அந்த நாலும் மேபலோட சண்டை போடுமா?

— சண்டையா? அதுங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது தெம்பு? ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தூங்கும், அவ்வளவுதான். ஏன் கேக்கற?

— காலியாக் கெடக்குற கொட்டகை ஒண்ணு இருக்கு என்கிட்ட. முயலுக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டுனது, ஒரு சொட்டு ஒழுகாது. மின்சார அடுப்பு ஒண்ணு வச்சா கதகதன்னு இருக்கும். வைக்கோல் வேணாம், பழைய துணி போடுவோம், தூசி வராது.

— உனக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? ஒண்ணுக்கே ராத்திரி முழிக்கற. அஞ்சா? மருந்து ஒண்ணு ஒண்ணுக்கும் வேற வேற. பெர்சி விரலைப் பிடிச்சா விடாது. தனி ஆளா என்னய்யா பண்ணுவ?

— தனி ஆளுன்னு யாரு சொன்னா? வாசலுக்கு வெளிய, காத்தோட்டமா உனக்கு ஒரு நாற்காலி போட்டுத் தரேன். நீ உள்ள வர வேணாம். சொல்லு, நான் செய்யறேன். உன் நெஞ்சுதானே கெட்டுப் போச்சு, வாய் நல்லாத்தானே இருக்கு?

— அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— அவ்வளவுதான். மழை பெஞ்சா கொடை பிடிச்சுக்கிட்டுத் திட்டு. கொஞ்சங் கொஞ்சமா அதுங்க போற நேரம் வந்தா போகட்டும். ஆனா சாப்பிட்டுட்டு, கதகதப்பா, அதுங்களுக்குத் தோணினப்ப போகட்டும்.

— வில்ஃப், நீ நெசமாத்தான் சொல்றியா?

— நான் எப்ப வெளையாட்டுக்குப் பேசினேன்? இன்னைக்கும் நாளைக்கும் கொட்டகையைத் தேய்ச்சுக் கழுவிடறேன். முயல் வாசனை போகணுமில்ல, கெழடுங்களுக்குப் பழைய ஆசை வந்து தொலைச்சா? சனிக்கெழமை உன் வீட்டுக்கு வண்டி எடுத்துக்கிட்டு வரேன், நாலையும் ஏத்திக்கிட்டு வந்துடலாம். என்ன, ஏன் இப்ப அழுவற? சனிக்கெழமை ஒத்து வராதா?

— சனிக்கெழமை வரைக்கும் எதுக்கு வில்ஃப்? நாலும் உன் வாசல்லதான், என் கார்ல தூங்கிக்கிட்டிருக்குங்க. மேபலையும் ஏத்திக்கிட்டு இங்கேருந்து நேரா டாக்டரம்மாகிட்ட போறதா இருந்தேன்... எழுந்திரு, ஆளுக்கு ரெண்டா உள்ள தூக்கிக்கிட்டு வந்துடுவோம்.